பிள்ளையின் மனதில் முன்பே இருக்கும் விஞ்ஞானம்

மாணவர்கள் விஞ்ஞானத்தை எவ்வாறு கற்கின்றனர் என்பதை அரை நூற்றாண்டுக்கு மேலாக ஆராய்ந்துவரும் கல்வியியலாளர்கள் பலவற்றில் முரண்பட்டாலும், ஒரு விடயத்தில் பெரும்பாலும் உடன்படுகின்றனர்: வெப்பம், விசை, தாவரத்தின் உணவு, சூரியனின் இயக்கம் ஆகியவற்றுக்குத் தானே கட்டிக்கொண்ட விளக்கங்களுடனேயே ஒரு பிள்ளை வகுப்பறைக்குள் நுழைகிறது. மாணவர் ஏற்கெனவே எதை அறிந்திருக்கிறார் என்பதே கற்றலை மற்றெல்லாவற்றையும்விட அதிகமாகத் தீர்மானிக்கிறது என்று அமெரிக்க உளவியலாளர் டேவிட் ஓசுபெல் 1968இல் எழுதினார். இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த றொசலின்ட் டிறைவர் 1983இல் வெளியிட்ட நூலில், இத்தகைய விளக்கங்கள் கவனக்குறைவால் விளைந்த பிழைகளல்ல, அனுபவத்திலிருந்து பிள்ளை நியாயமாகப் பெற்ற முடிவுகள் என்று காட்டினார். ஆய்வாளர்கள் இவற்றை மாற்றுக்கருத்துகள் என்கின்றனர். செடிக்குப் பசளை இடுவதைப் பார்த்து வளரும் பிள்ளை பசளையே செடியின் உணவு என்று எண்ணுவதும், ஒளித்தொகுப்பைப் பாடமாகப் படித்த பின்னரும் அந்த எண்ணம் மாறாதிருப்பதும் இதற்கு எளிய எடுத்துக்காட்டுகள்.

இக்கருத்துகள் எவ்வளவு ஆழமாக வேரூன்றியவை என்பதை 1987இல் எடுக்கப்பட்ட ஓர் ஆவணப்படம் உலகுக்கு உணர்த்தியது. ஹார்வார்ட் பல்கலைக்கழகத்தின் பட்டமளிப்பு விழா நாளில் பட்டதாரிகள், பழைய மாணவர்கள், ஆசிரியர்கள் என 23 பேரிடம், பருவகாலங்கள் ஏன் மாறுகின்றன அல்லது சந்திரன் ஏன் வளர்ந்து தேய்கிறது என்று கேட்கப்பட்டபோது, 21 பேரால் சரியான விளக்கம் தர இயலவில்லை. பூமி சூரியனை நெருங்கும்போது கோடை வருகிறது என்பதே பருவகாலம் பற்றி அடிக்கடி கேட்ட விடை. உண்மையில் பூமி சூரியனுக்கு மிக அருகில் இருப்பது சனவரித் தொடக்கத்தில், வட அரைக்கோளம் குளிரில் நடுங்கும் காலத்தில். பருவகாலத்துக்குக் காரணம் பூமியின் அச்சு ஏறத்தாழ 23.5 பாகை சாய்ந்திருப்பதாகும்.

அடுப்பை நெருங்கினால் சுடுகிறது என்ற அனுபவத்தை மனம் வானத்துக்கும் நீட்டிக்கொள்வதனாலேயே இப்பிழை நேர்கிறது என்பர். பழைய கருத்து போதவில்லை என்ற மனக்குறை எழுந்து, புதிய கருத்து விளங்கக்கூடியதாகவும் நம்பத்தக்கதாகவும் பயன் தருவதாகவும் தோன்றினால்தான் மாணவர் மனம் மாறும் என்று 1982இல் போஸ்னரும் அவருடைய சகாக்களும் முன்வைத்த கோட்பாடு, கருத்துமாற்றக் கோட்பாடு எனப்படுகிறது. ஆனால் அன்ட்ரியா டிசெஸ்ஸா என்ற ஆய்வாளர், பிள்ளையின் மனதில் இருப்பது முழுமையான ஒரு கோட்பாடன்று, இடத்துக்கேற்ப வெளிப்படும் சிறு சிறு அறிவுத் துணுக்குகளே என்றும், அவற்றைக் களைவதைவிட உரிய இடத்தில் பொருத்திக்கொள்ள உதவுவதே ஆசிரியர் பணி என்றும் வாதிட்டார். பிள்ளையை மதிக்கும் பார்வை என்ற வகையில் இவ்வாதம் கூடுதலாக ஏற்கத்தக்கது.

கொழும்பின் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் தமிழ்மொழி மூலம் விஞ்ஞானம் கற்கும் மாணவருக்கு, இவ்வாய்வுகள் சுட்டும் சிக்கலின் மீது மொழி இன்னொரு முடிச்சையும் போடுகிறது. கடையில் பொருளின் நிறையும் மருத்துவ நிலையத்தில் குழந்தையின் நிறையும் கிலோகிராமில் சொல்லப்படுகின்றன. ஆனால் இலங்கைப் பாடநூலில் கிலோகிராமால் அளக்கப்படுவது திணிவு, அதாவது பொருளில் அடங்கிய சடத்தின் அளவு. நிறை என்பதோ பூமி அப்பொருளை இழுக்கும் விசை. அது நியூட்டனால் அளக்கப்படுகிறது. அன்றாடப் பேச்சில் வேகம் என்பது எவ்வளவு விரைவு என்பதையே குறிக்க, பாடநூலில் அதற்குக் கதி என்று பெயர். வேகம் திசையையும் சேர்த்தே சொல்லும் கணியமாகிவிடுகிறது. கதியற்றவர் என்ற தொடரைக் கேட்டு வளர்ந்த பிள்ளை, அதே சொல்லைச் செக்கனுக்கு இத்தனை மீற்றர் என்று படிக்கிறது. கனமான பையைத் தூக்கியபடி அசையாமல் பேருந்துக்குக் காத்திருப்பவர் பையின் மீது வேலை எதுவும் செய்யவில்லை என்று பௌதிகவியல் கூறுவதும், சக்தி அழிவதில்லை என்று அது கூறுவதும், உடம்பில் சக்தி இல்லை என்று அலுத்துக்கொள்ளும் வீட்டுப் பேச்சோடு மோதுகின்றன.

இம்முடிச்சு இன்று மேலும் இறுகியுள்ளது. தமிழ்நாட்டில் தயாரிக்கப்படும் இணையவழிப் பாடங்கள் கொழும்புப் பிள்ளையின் கைபேசிக்கு எளிதில் வந்துசேர்கின்றன. ஆனால் தமிழ்நாட்டுப் பாடநூலில் நிறை என்பது இலங்கையின் திணிவு, எடை என்பது இலங்கையின் நிறை. அங்கே வேகம் எனப்படுவது இங்கே கதி. அங்கே ஆற்றல், இங்கே சக்தி. இரண்டும் நல்ல தமிழே. எந்தச் சொல் எந்தப் பொருளில் வருகிறது என்று எவரும் விளக்காதபோது, மாணவர் பொருளைக் கைவிட்டுச் சொல்லை மனனம் செய்கிறார்.

இவ்வாய்வுகளை இலங்கையின் கல்வி நிருவாகம் அறியாமலில்லை. மகரகமவிலுள்ள தேசிய கல்வி நிறுவகம் 2007இல் அறிமுகப்படுத்திய தேர்ச்சிமையக் கலைத்திட்டம் 'ஐந்து ஈ' எனப்படும் கற்பித்தல் மாதிரியைத் தழுவியது. அமெரிக்காவில் 1980களில் றொஜர் பைபீ குழுவினர் உருவாக்கிய இம்மாதிரியில், மாணவரை விடயத்தில் ஈடுபடுத்தி, அவர்களே ஆராயவிட்டு, அதன் பின்னரே ஆசிரியர் விளக்கம் தரவேண்டும். விரிவாக்கலும் மதிப்பிடலும் அதைத் தொடர்கின்றன. விளக்கம் மூன்றாவதாக வருவதுதான் இதன் உயிர்நாடி. ஆனால் பரீட்சையை நோக்கிய தனியார் வகுப்புகளில் விளக்கமும் குறிப்பும் முதலாவதாக வருகின்றன, கடந்தகால வினாத்தாள்கள் இரண்டாவதாக வருகின்றன, ஆராய்வதற்கு நேரம் மிஞ்சுவதில்லை. பெற்றோரின் அச்சமும் ஆசிரியரின் நேரநெருக்கடியும் இதற்குக் காரணங்கள் என்பதை மறுப்பதற்கில்லை. எனினும் பல்தேர்வு வினாவில் சரியான விடையைத் தெரிவுசெய்த மாணவர் தம் பழைய கருத்தையே சுமந்துகொண்டு பாடசாலையை விட்டு வெளியேறுவது பெரும் இழப்பு.

ஆராய்வதற்கு விலையுயர்ந்த ஆய்வுகூடமும் வேண்டியதில்லை. கொழும்பு, மத்தியகோட்டுக்கு ஏறத்தாழ 7 பாகை வடக்கே இருப்பதால், சித்திரைப் புத்தாண்டுக்கு ஒரு வாரம் முன்னதாகவும் செப்டெம்பர் முதல் வாரத்திலும் நண்பகல் கடந்த சில நிமிடங்களில் சூரியன் நேர் உச்சியில் நிற்கிறது. அந்நேரத்தில் வெள்ளவத்தைக் கடற்கரை மணலில் செங்குத்தாக நட்ட கோலுக்கு நிழல் இராது. யூன் மாத நண்பகலில் அதே கோலின் நிழல் தெற்கேயும், திசெம்பரில் வடக்கேயும் விழும். ஏன் அப்படி என்று ஆசிரியர்கள் முதலில் பிள்ளைகளிடம் கேட்க வேண்டும்; அவர்கள் சொல்லும் காரணங்களை, பிழையானவை உட்பட, கரும்பலகையில் எழுத வேண்டும்; பாடநூலை அதன் பிறகு திறக்கட்டும்.