ஆள் தெரிகிறாரா? கேமராவுக்குப் பின்னால் ஒரு சின்னக் கணக்கு

எங்கள் புந்தோங்கில் மாலை ஏழு மணிக்குக் கச்சாங் பூத்தே கடைகள் பக்கம் போனவர்களுக்குத் தெரியும். காருக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் நடுவே கையில் பையோடு பாட்டிமார் சாலையைக் கடப்பார்கள். மங்கிய வெளிச்சத்தில் அவர்களைக் காரின் கேமரா எப்படி ஆள் என்று அறிகிறது?

கணினி அறிவியல் படிக்கும் எனக்கு இதில் மிகவும் பிடித்தது ‘ஆக்டிவேஷன் ஃபங்ஷன்’. தமிழில் செயலூக்கச் சார்பு எனலாம். கேமராவின் படம் கணினிக்கு வெறும் எண்கள்தான். நரம்பணு வலையமைப்பில் ஒவ்வோர் அணுவும் அந்த எண்களைப் பெருக்கிக் கூட்டி ஒரு விடை காணும். அதில் எவ்வளவு அடுத்த அடுக்குக்குப் போகலாம் என்று தீர்மானிப்பது இந்தச் சார்பு. இது இல்லாவிட்டால் நூறு அடுக்கு போட்டாலும் எல்லாம் ஒரே நேர்கோட்டுச் சமன்பாடாகச் சுருங்கிவிடும். குடை பிடித்தவர், குழந்தையைத் தூக்கியவர், காருக்குப் பின்னால் பாதி மறைந்தவர் என்று பிரித்தறிய அது போதாது.

முன்பு அதிகம் பயன்பட்டது சிக்மாய்டு. எந்த எண்ணையும் 0-க்கும் 1-க்கும் இடையில் அடக்கிவிடும். சிக்கல், பயிற்சியின்போது வருகிறது. கடைசி அடுக்கில் கண்ட பிழை முதல் அடுக்குவரை திரும்பிப் போகும் வழியில், ஒவ்வோர் அடுக்கிலும் சார்பின் வகைக்கெழுவால் பெருக்கப்படும். எஸ்பிஎம் கூடுதல் கணிதத்தில் ‘பெம்பேஸாஅன்’ படித்தவர்கள் தாளில் போட்டுப் பாருங்கள். சிக்மாய்டின் வகைக்கெழு அதிகபட்சமே 0.25. அதைப் பத்து முறை பெருக்கினால் மில்லியனில் ஒரு பங்குகூட மிஞ்சாது. முன் அடுக்குகளுக்குப் பாடம் போய்ச் சேர்வதே இல்லை.

ரெலு சார்பு இதைவிட எளிது. எதிர்மறை எண் வந்தால் 0, மற்றதெல்லாம் அப்படியே. நேர்மறைப் பக்கம் வகைக்கெழு 1, அதனால் பெருக்கினாலும் தேயாது. ஜப்பானியர் குனிஹிகோ ஃபுகுஷிமா 1969-லேயே இதைக் கையாண்டார். டொரோன்டோ பல்கலைக்கழகத்தின் வினோத் நாயரும் ஜெஃப்ரி ஹின்டனும் 2010-இல் எழுதிய கட்டுரைக்குப் பிறகுதான் பரவலானது. இவ்வளவு எளிய ஒன்று நாற்பது ஆண்டு காத்திருந்தது எனக்கு இன்னும் வியப்புதான்.

ரெலுவுக்கும் ஒரு நோய் உண்டு. எதிர்மறைப் பக்கமே மாட்டிக்கொண்ட அணு எப்போதும் 0 தரும். பிறகு எதையும் கற்காது. அதனால் 2016-இல் வெளிவந்த யோலோ என்ற கண்டறியும் முறையில், எதிர்மறை எண்ணிலும் பத்தில் ஒரு பங்கைக் கசியவிட்டார்கள்.

சிக்மாய்டு ஓய்வு பெற்றுவிடவில்லை. பல முறைகளில் கடைசி அடுக்கில் அதுதான் ‘ஆள்’ என்பதற்கு 0.4, 0.9 என்று மதிப்பெண் போடுகிறது. எத்தனைக்கு மேல் என்றால் பிரேக் போடுவது? அதை மனிதர்தான் வைக்கவேண்டும். குறைத்து வைத்தால் குப்பைத்தொட்டிக்கும் கார் நிற்கும். கூட்டி வைத்தால் நிழலில் நிற்பவர் விடுபட்டுப் போவார். காணொளி என்பதால் ஒரு வசதி: ஒரே இடத்தில் தொடர்ந்து பத்துப் படங்களில் 0.4 வந்தால், சேர்த்துப் பார்த்து ஆள் என்று முடிவு செய்யலாம். ஆனால் விநாடிக்கு 30 படம் என்றால் அது மூன்றில் ஒரு விநாடி. 60 கிலோமீட்டர் வேகக் கார் அதற்குள் ஐந்தரை மீட்டர் நெருங்கிவிடும்.