தலைக்கவசமும் குற்றவியலும்

சாலாக் செலாத்தான் இரயில் நிலையத்தின் அருகே, காலை ஏழு மணிக்கு ஒருவர் தமது மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு வேலைக்குச் செல்கிறார் என வைத்துக்கொள்வோம். மாலையில் திரும்பி வந்து பார்த்தால் வண்டி இல்லை. அவர் காவல் நிலையத்தில் புகார் செய்கிறார். திருடியவர் யார் என்று காவல் துறை தேடுகிறது. அவர் பிடிபட்டால், அவருக்கு என்ன தண்டனை என்பதை நீதிமன்றம் முடிவு செய்கிறது.

இவற்றோடு மூன்றாவது கேள்வி ஒன்றும் இருக்கிறது. அந்த இடத்தில், அந்த நேரத்தில், அந்த வண்டி திருடுபோக இடங்கொடுத்த சூழல் எது? இத்தகைய கேள்விகளை ஆராயும் துறையே குற்றவியல். பெயர் ஒற்றுமையால் பலர் இதனைக் குற்றவியல் சட்டத்தோடு குழப்பிக்கொள்வர். எது குற்றம், அதற்கு என்ன தண்டனை என்று சட்டம் வகுக்கிறது. அக்குற்றம் ஏன் நிகழ்கிறது, யாரைப் பாதிக்கிறது, எவ்வாறு குறைக்கலாம் என்று குற்றவியல் ஆராய்கிறது.

இளங்கலையில் உளவியல், சட்டம், சமூகவியல், சமூகப்பணி போன்றவற்றைப் பயின்றவர்கள் முதுகலையில் இத்துறைக்கு வருவது வழக்கம். கோலாலம்பூரிலேயே மலாயாப் பல்கலைக்கழகத்தின் சட்டப் புலம் குற்றவியல் நீதியில் முதுகலைப் பட்டம் வழங்குகிறது. சாலாக் செலாத்தானில் எல்.ஆர்.டி. ஏறி, மஸ்ஜிட் ஜாமெக்கில் மாறினால் ‘யுனிவர்சிட்டி’ நிலையத்தில் இறங்கிவிடலாம். சென்னைப் பல்கலைக்கழகத்தில் குற்றவியலுக்கென்றே தனித்துறை உண்டு. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் குற்றவியல் கழகம் 1959இல் நிறுவப்பட்டது. எங்குப் படித்தாலும், முதுகலை மாணவர் பிற நாடுகளின் ஆய்வுகளைத் தவிர்க்க முடியாது. ஒரே ஊரை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு, அவ்வூரின் வழக்கங்கள் இயற்கை விதிகளைப் போலத் தோன்றத் தொடங்கிவிடும்.

மோட்டார் சைக்கிள் திருட்டையே எடுத்துக்கொள்ளலாம். 1980ஆம் ஆண்டு, அப்போதைய மேற்கு ஜெர்மனியில், தலைக்கவசம் அணியாமல் மோட்டார் சைக்கிள் ஓட்டுவோருக்கு அந்த இடத்திலேயே அபராதம் விதிக்கும் நடைமுறை வந்தது. விபத்தில் தலையில் அடிபடுவோரைக் காப்பதே அதன் நோக்கம். திருட்டைத் தடுப்பதற்காக அது கொண்டுவரப்படவில்லை. ஆயினும், 1980இல் ஏறத்தாழ 150,000ஆக இருந்த மோட்டார் சைக்கிள் திருட்டுகள் 1986இல் ஏறத்தாழ 54,000ஆகக் குறைந்தன. பேட்ரிசியா மேஹ்யூ, ரொனால்ட் கிளார்க், டேவிட் எலியட் ஆகிய மூவரும் 1989இல் வெளியிட்ட ஆய்வில் இதற்கு விளக்கம் தந்தனர். மோட்டார் சைக்கிளைத் திருடுவோரில் பலர் முன்கூட்டியே திட்டமிடுவதில்லை. வழியில் வண்டியைக் காணும்போதுதான் அந்த எண்ணமே பிறக்கிறது. கையில் தலைக்கவசம் இல்லாமல் வண்டியைக் கிளப்பினால், அடுத்த சந்தியிலேயே காவலர் கண்ணில் பட்டுவிடுவார்கள். ஆகவே, வாய்ப்பு இருந்தும் விட்டுவிட்டுப் போயினர்.

அப்படியானால் அவர்கள் காரையோ மிதிவண்டியையோ திருடியிருப்பார்களே என்று கேட்பது நியாயமானது. ஆய்வாளர்களும் அதைப் பார்த்தனர். கார் திருட்டு சிறிதளவே கூடியிருந்தது. மிதிவண்டித் திருட்டும் பெருகிவிடவில்லை. ‘திருடுபவன் எப்படியும் திருடத்தான் செய்வான்’ என்ற பேச்சு இந்த எண்களுக்கு முன்னால் நிற்கவில்லை.

இனி மலேசியாவுக்கு வருவோம். இங்கே 1973 முதலே தலைக்கவசம் கட்டாயம். எல்லாரும் அணிவதால், தலைக்கவசம் அணிந்த திருடர் கூட்டத்தோடு கலந்துவிடுவார். முகமும் ஓரளவு மறைந்துவிடும். ஜெர்மனியில் திருட்டைக் குறைத்த அதே பொருள், இங்கே திருடுபவருக்கு மறைவிடமாகவும் ஆகலாம். எனவே ஒரு நாட்டின் மருந்தை அப்படியே மற்றொரு நாட்டுக்குக் கொண்டுவர இயலாது. ஆனால் அந்த மருந்து ஏன் பலித்தது என்ற காரணத்தைக் கொண்டுவரலாம். திருடும் கணத்தில் சிறு தடையொன்று குறுக்கிட்டால் போதும் என்பதே அக்காரணம். பூட்டுவதற்கு வசதியான கம்பி, நல்ல விளக்கு, ஆள் நடமாட்டம் உள்ள நிறுத்துமிடம் ஆகியவையும் அத்தகைய தடைகளே.

நாடுகளை ஒப்பிடுவதில் ஓர் இடர் உண்டு. காவல் துறையின் புள்ளிவிவரத்தில் இருப்பவை, நிகழ்ந்த குற்றங்கள் அனைத்தும் அல்ல. புகார் செய்யப்பட்ட குற்றங்கள் மட்டுமே. வாகனம் களவுபோனால், காப்புறுதிப் பணத்திற்காகவாவது மக்கள் புகார் செய்வர். பணப்பையைப் பறிகொடுத்தவர் பலர், ‘கிடைக்கவா போகிறது?’ என்று வீட்டுக்குப் போய்விடுவர். மக்கள் காவல் நிலையத்தை நம்பும் நாட்டில் புகார்கள் பெருகும். நம்பாத நாட்டில் குறையும். எண்ணிக்கையை மட்டும் பார்ப்பவர் முதல் நாட்டையே ஆபத்தான நாடு என்று நினைத்துவிடக்கூடும்! இக்குறையைப் போக்கவே 1989இல் அனைத்துலகக் குற்றப் பாதிப்பு ஆய்வு தொடங்கப்பட்டது. பல நாட்டு மக்களிடம் ஒரே மாதிரியான கேள்விகளைக் கேட்டு, அவர்கள் அடைந்த பாதிப்பை அது நேரடியாகப் பதிவு செய்தது. முதுகலையில் புள்ளியியலும் ஆய்வு முறைகளும் வலியுறுத்தப்படுவதற்கு இதுவே காரணம். கணக்கைக் கண்டு அஞ்சுபவருக்கு இப்பகுதி சற்றுக் கசக்கத்தான் செய்யும்.

எண்களைவிடக் கடுமையானது முத்திரை குத்தும் பழக்கம். 1876இல் இத்தாலிய மருத்துவர் சேசரே லொம்புரோசோ, சிலர் பிறவியிலேயே குற்றவாளிகள் என்றும் அதனை மண்டையோட்டின் அமைப்பிலும் முகத்திலும் காணலாம் என்றும் எழுதினார். அதற்கு ஐந்தாண்டுகளுக்கு முன்பே, 1871இல், ஆங்கிலேய அரசு இந்தியாவில் குற்றப் பரம்பரைச் சட்டத்தை இயற்றியிருந்தது. சில சமூகங்களில் பிறந்தவர்களைப் பிறப்பின் பெயராலேயே குற்றவாளிகளாகக் கருதிய சட்டம் அது. 1911இல் அது விரிவாக்கப்பட்டபின் சென்னை மாகாணத்திலும் நடைமுறைக்கு வந்தது. எந்தக் குற்றமும் செய்யாதவர்கள்கூடக் கைரேகை வைக்கவும், காவல் நிலையத்தில் தங்கள் இருப்பைத் தெரிவிக்கவும் வேண்டியிருந்தது. மதுரை மாவட்டத்தில் உசிலம்பட்டிக்கு அருகிலுள்ள பெருங்காமநல்லூர் மக்கள் அதனை எதிர்த்தபோது, 1920 ஏப்ரல் 3ஆம் நாள் காவலர்கள் சுட்டதில் பலர் உயிரிழந்தனர். சென்னை மாகாணத்தில் அச்சட்டம் 1947இல் நீக்கப்பட்டது. அதுவரை இரண்டு தலைமுறைகள் அதன்கீழ் வாழ்ந்துவிட்டன.

குற்றம் இரத்தத்தில் ஓடுகிறது என்ற எண்ணத்தை அசைத்த ஆய்வுகளுள் முக்கியமான ஒன்று அமெரிக்காவின் சிகாகோ நகரத்தில் நடந்தது. கிளிஃபர்ட் ஷா, ஹென்றி மெக்கே இருவரும் பல ஆண்டுகளின் நீதிமன்றப் பதிவுகளைக் கொண்டு, இளையோர் குற்றங்களை நகர வரைபடத்தில் குறித்தனர். அவர்களின் நூல் 1942இல் வெளிவந்தது. நகர மையத்தை ஒட்டிய, வறுமை மிகுந்த சில பகுதிகளில் குற்ற விகிதம் எப்போதும் உயர்ந்தே இருந்தது. அங்கு முதலில் ஜெர்மானியரும் ஐரிஷ்காரரும் வாழ்ந்தனர். பிறகு போலந்தியரும் இத்தாலியரும் குடியேறினர். குடியிருப்போர் மாறியும் அப்பகுதிகளின் விகிதம் மாறவில்லை. அங்கிருந்து நல்ல பகுதிகளுக்குக் குடிபெயர்ந்த அதே இனத்தவரின் பிள்ளைகளிடையே குற்றம் குறைந்தது.

மலேசியாவிலும் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் பெயரையோ ஓர் இனத்தின் பெயரையோ சொல்லி, ‘அவர்கள் அப்படித்தான்’ என்று முடித்துவிடும் பேச்சைக் கேட்கலாம். இந்திய இளைஞர்களைப் பற்றியும் அவ்வாறு பேசுவோர் உண்டு. அத்தகைய பேச்சைக் கேட்கும் குற்றவியல் மாணவர் கோபப்படலாம். ஆனால் அவர் செய்ய வேண்டிய வேலை வேறு. அந்தக் குடியிருப்பில் எத்தனை பிள்ளைகள் பள்ளியைப் பாதியில் விட்டனர், மாலையில் விளையாட இடம் இருக்கிறதா, பெற்றோர் எத்தனை மணிக்கு வேலை முடிந்து வீடு திரும்புகின்றனர் என்று அவர் விசாரிக்க வேண்டும். அதே வருமானமுள்ள வேறு பகுதியோடு அதனை ஒப்பிட வேண்டும்.

இத்தகைய ஒப்பீட்டு ஆய்வில் பெயர் பெற்றவர்களுள் ஒருவர் தமிழ்நாட்டைச் சேர்ந்த மங்கை நடராஜன். அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்ற அவர், நியூயார்க்கிலுள்ள ஜான் ஜே குற்றவியல் நீதிக் கல்லூரியில் பேராசிரியரானார். தலைக்கவச ஆய்வை எழுதிய மூவருள் ஒருவரான கிளார்க்கும் ரட்கர்ஸில் பணியாற்றியவரே. வெளிநாடு சென்றபின்னும் மங்கை தமது ஊரை ஆய்வுப் பொருளாகக் கொண்டார். பிரேசிலின் சாவ் பாவ்லோ நகரில் 1985இல் பெண்களுக்கான தனிக் காவல் நிலையம் திறக்கப்பட்டது. தமிழ்நாட்டில் 1992இல் சென்னை ஆயிரம் விளக்கில் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் தொடங்கியது. பெண்களைத் தனி நிலையத்தில் அமர்த்துவது அவர்களுக்குச் சமவாய்ப்பைத் தருமா, ஒதுக்கி வைப்பதாகுமா என்பது மேலை நாடுகளிலும் எழுந்த கேள்வி. தமிழ்நாட்டுப் பெண் காவலர்களை ஆராய்ந்து மங்கை எழுதிய நூல் 2008இல் வெளிவந்தது. தனிநிலையம் அவர்களுக்குச் சமத்துவத்தின் பின்வாசலாக அமைந்தது என்பதை அந்நூலின் தலைப்பே சுட்டுகிறது.

சாலாக் செலாத்தானின் அந்த மோட்டார் சைக்கிளும் ஒருநாள் முதுகலை ஆய்வேடாகலாம். அதற்கு மாணவர் முதலில் காவல் துறையின் தரவுகளைப் பெற அனுமதி கேட்க வேண்டும். பல்கலைக்கழகத்தின் ஆய்வு நெறிக்குழுவும் ஒப்புதல் தர வேண்டும். பிறகு நிலையத்தைச் சுற்றியுள்ள நிறுத்துமிடங்களை வெவ்வேறு நேரங்களில் சென்று கவனித்து, விளக்குகளையும் ஆள் நடமாட்டத்தையும் குறித்துக்கொள்வார். வண்டியை இழந்தவர்களிடம் பேசுவார். தண்டனை முடிந்து வெளிவந்தவர் எவரேனும் இசைந்தால் அவரிடமும் பேசுவார். அவர் சொல்வது ஆய்வேட்டில் இடம்பெறும். அவர் பெயர் இடம்பெறாது.