உங்களுக்குத் தெரியுமா? மிதக்கும் திருகோணமலை

திருத்தணியைப் போலவே அருணகிரிநாதரின் திருப்புகழ் பெற்ற தலம் திருகோணமலை. அந்த ஊர்ப் பெயர் தாங்கிய மரப் போர்க்கப்பல் ஒன்று இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் இன்றும் மிதக்கிறது. பெயர் 'டிரிங்கோமலி'. மலபார் தேக்கில் அதை பம்பாயில் கட்டியவர் பார்சிக்காரரான ஜம்ஷெட்ஜி பொமன்ஜி வாடியா. முதலில் அனுப்பிய வரைபடங்கள் 1812இல் அவற்றைச் சுமந்துவந்த 'ஜாவா' கப்பலோடு பறிபோய்விட, மறுபடி வரவழைத்து, 1817இல் கடலில் இறக்கினார்கள். அதற்குள் நெப்போலியன் போரே முடிந்துவிட்டது! கால் நூற்றாண்டுக்கு மேல் சும்மா கிடந்த கப்பல், 1847க்குப் பிறகு பத்தாண்டுதான் கரீபியனிலும் பசிபிக்கிலும் ரோந்து போனது. 1897இல் உடைக்க விற்றார்கள், தேக்கா சாகும்? 'ஃபூத்ரோயான்' என்ற பெயரில் 1986 வரை பயிற்சிக் கப்பலாக உழைத்தது. பழைய பெயர் திரும்பக் கிடைத்தது 1992இல்.