குங்குமப்பூவின் பெயர் தாங்கிய சந்தையூர்

ஊர்ப்பெயர்களுக்குள் வரலாறு உறைந்து கிடக்கிறது என்பதை ரா. பி. சேதுப்பிள்ளை அவர்களின் 'ஊரும் பேரும்' நூலைப் பயின்றோர் நன்கறிவர். அம்முறையில் ஓர் ஆங்கில ஊரின் பெயரை ஆராய்ந்தால் என்ன கிடைக்கும் என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். இங்கிலாந்தின் எசெக்ஸ் கவுண்டியில், அதன் வடமேற்கு மூலையில், கேம்பிரிட்ஜ் நகருக்குத் தெற்கே ஏறத்தாழ 15 மைல் தொலைவில் அமைந்துள்ள சாஃப்ரன் வால்டன் என்னும் சிற்றூரே அது. 'வால்டன்' என்பது பழைய ஆங்கிலச் சொல். பிரித்தானியர் வாழ்ந்த பள்ளத்தாக்கு என்று அதற்குப் பொருள் கூறுவர். ஆங்கிலேயர் குடியேறுவதற்கு முன்னர் அம்மண்ணில் வாழ்ந்தவர்களை அவ்வூர்ப்பெயர் இன்றும் நினைவூட்டுகிறது.

இடைக்காலத்தில் இவ்வூர் 'சிப்பிங் வால்டன்' என்று வழங்கப்பெற்றது. 'சிப்பிங்' என்பது சந்தையைக் குறிக்கும். லண்டனின் சீப்சைடு தெருவின் பெயரும் இவ்வேரில் பிறந்ததே. நம் ஊர்ப்பெயர்களில் 'பேட்டை' என்னும் சொல் செய்யும் பணியை ஆங்கில ஊர்ப்பெயர்களில் இச்சொல் செய்கிறது. 1141இல் பேரரசி மெட்டில்டா வழங்கிய பட்டயத்தின் வாயிலாக, ஜெஃப்ரி டி மாண்டவில் என்ற பிரபு, அருகிலிருந்த நியூபோர்ட் ஊரின் சந்தையைத் தம் கோட்டை இருந்த வால்டனுக்கு மாற்றிக்கொண்டார். கோட்டை இன்று இடிபாடாக நிற்கிறது. சந்தையோ இன்றும் செவ்வாய், சனிக் கிழமைகளில் கூடுகிறது. சேலத்துச் செவ்வாய்ப்பேட்டையை அறிந்தோர்க்கு இவ்வொற்றுமை வியப்பளிக்கும். கசாப்புக்காரர் வரிசை, துணி வணிகர் வரிசை என்று பெயர் பெற்ற குறுகிய சந்துகள், தற்காலிகக் கடைகள் நாளடைவில் நிலையான கட்டடங்களாக மாறிய கதையைச் சொல்லி நிற்கின்றன.

இனி 'சாஃப்ரன்' என்னும் அடைமொழிக்கு வருவோம். இச்சொல் பழைய பிரெஞ்சு மொழி வழியாகவும் இடைக்கால இலத்தீன் வழியாகவும் ஆங்கிலத்தை அடைந்தது. அதன் மூலம் 'ஸஅஃபரான்' என்னும் அரபுச் சொல். நாம் குங்குமப்பூ என்கிறோம். அரபு வணிகர் நாவில் புழங்கிய ஒரு சொல், எசெக்ஸ் நாட்டுப்புறத்தில் ஓர் ஊரின் பெயராகவே நிலைத்துவிட்டது. கடல் கடந்த வணிகம் பொருளை மட்டும் கொண்டு செல்வதில்லை.

குங்குமப்பூச் செடியில் வித்து உண்டாவதில்லை. நிலத்தடிக் கிழங்கைப் பிரித்து நட்டே அதனைப் பெருக்க வேண்டும். ஆகவே காற்றோ பறவையோ அதனைப் பரப்ப இயலாது. ஒரு நாட்டில் அச்செடி இருக்கிறது என்றால், யாரோ ஒருவர் கிழங்கைக் கையில் கொண்டுவந்தார் என்பது உறுதி. இந்த இயற்கை உண்மையை ஒட்டியே அவ்வூரில் ஒரு கதை வழங்கியது. கீழைநாடு சென்ற யாத்திரிகர் ஒருவர், பிடிபட்டால் உயிர் போகும் என்று அறிந்தும், தம் ஊன்றுகோலைக் குடைந்து, அதனுள் ஒரு கிழங்கை ஒளித்துக் கொணர்ந்தாராம். பதினாறாம் நூற்றாண்டிலேயே ஹாக்லூட் என்ற பயணநூல் தொகுப்பாளர் இக்கதையைக் குறித்துள்ளார். கதை மெய்யோ பொய்யோ, செடியின் இயல்பை அறிந்தவர் கட்டிய கதை என்பதில் ஐயமில்லை.

சுண்ணாம்பு கலந்த, நீர் தேங்காத நிலமும் மழை குறைந்த தட்பவெப்பமும் இப்பயிருக்கு ஏற்றனவாய் அமைந்தன. அருகிலுள்ள ராட்விண்டர் ஊரின் திருச்சபை அலுவலராயிருந்த வில்லியம் ஹாரிசன், 1577இல் வெளியான தம் இங்கிலாந்து வருணனையிலும் அதன் விரிவான மறுபதிப்பிலும் இவ்வேளாண்மை பற்றி எழுதியுள்ளார். அக்காலத்தில் பயிரிடுவோர் 'குரோக்கர்' எனப்பட்டனர். இலையுதிர் காலத்தில் ஊதா மலர்கள் விரியும். விடியற்காலையில் அவற்றைக் கொய்வர். ஒவ்வொரு மலரிலிருந்தும் மூன்றே மூன்று செந்நிறச் சூல்முடிகளைக் கிள்ளி எடுப்பர். பிறகு சிறு சூளையில் வைத்து மெல்ல உலர்த்துவர். ஒரு கிராம் குங்குமப்பூவிற்கு ஏறத்தாழ 150 மலர்கள் வேண்டும். விலை ஏன் பொன்னுக்கு நிகராக இருந்தது என்பதற்கு வேறு விளக்கம் வேண்டுவதில்லை. சாயத்திற்கும் மருந்திற்கும் சமையலுக்கும் அது பயன்பட்டது. பின்னாளில் அயல்நாட்டிலிருந்து மலிவான சரக்கு வந்தது, கூலி உயர்ந்தது, உழவர் வாற்கோதுமைக்கு மாறினர். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதிக்குள் அப்பயிர் அங்கே மறைந்துவிட்டது. இந்நூற்றாண்டில் எசெக்ஸ் நிலத்தில் சிறிய அளவில் மீண்டும் பயிரிட்டோர் உண்டு.

தமிழ் மாணவர்கள் சுவைக்கத்தக்க செய்தி ஒன்றுண்டு. அவ்வூர் நகரமன்றத்தின் பழைய இலச்சினையில் கோட்டை மதிலுக்குள் மூன்று குங்குமப்பூக்கள் காட்சியளிக்கின்றன. 'மதிலுக்குள் அடைபட்ட' என்னும் பொருளுடைய ஆங்கிலத் தொடரின் ஒலி 'வால்டன்' என்னும் பெயரை நினைவூட்டும். ஓவியத்தில் அமைந்த சிலேடை என்று இதனைக் கூறலாம். காளமேகப் புலவர் கண்டிருப்பின் மகிழ்ந்திருப்பார்.

காண்போர் கண்ணில் முதலில் படுவது புனித மேரி ஆலயம். எசெக்ஸ் பகுதியின் மிகப் பெரிய ஊர்க்கோயில் இதுவே. 1832இல் எழுப்பப்பெற்ற கூர்ங்கோபுரத்தின் உச்சி 193 அடி உயரமுடையது. உள்ளே கல்லில் செதுக்கப்பட்ட குங்குமப்பூவையும் காணலாம். 1647இல் இவ்வாலயத்தில் ஒரு பெரும் வழக்காடல் நிகழ்ந்தது. மன்னரை வென்ற நாடாளுமன்றப் படையினர்க்குச் சம்பள பாக்கி தராமலே படையைக் கலைக்க முயன்றது நாடாளுமன்றம். படையினர் தம் பிரதிநிதிகளைத் தாமே தேர்ந்தெடுத்தனர். அவர்தம் குறைகளைக் கேட்க வந்தவர்களுள் கிராம்வெல்லும் ஒருவர். சிப்பாய்கள் வாக்கால் தலைவரைத் தேர்ந்து உரிமை கேட்ட அந்நிகழ்ச்சி, ஆங்கில மக்களாட்சி வரலாற்றில் உரிய இடம் பெறவில்லை என்பது என் கருத்து.

பொதுத்திடலில் புல்தரையில் வெட்டப்பெற்ற சுழல்வழி ஒன்று உள்ளது. இங்கிலாந்தில் எஞ்சியுள்ள இத்தகைய புல்வழிகளுள் மிகப் பெரியது இதுவே. அதன் வழியில் நடந்து நடுவை அடைய ஏறத்தாழ ஒரு மைல் நடக்க வேண்டும். பழைய சன் விடுதியின் சுவர்களில் சுண்ணச் சாந்தால் புடைப்பாகச் செய்த உருவங்கள் உள்ளன. 1676 என்னும் ஆண்டும் அங்கே பொறிக்கப்பட்டுள்ளது.

இவ்வூரின் வரலாற்றில் நம் சிந்தனைக்குரிய பகுதி குவேக்கர் சமூகத்தாரின் பணியாகும். குவேக்கர்கள் கிறித்தவருள் ஒரு சிறுபான்மையினர். அரசின் திருச்சபையை ஏற்காமையால் 1828 வரை ஊராட்சிப் பதவிகள் சட்டப்படி அவர்க்கு மூடியிருந்தன. 15 மைல் தொலைவிலிருந்த கேம்பிரிட்ஜில் பட்டம் பெறவும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை இயலாது. பதவியும் பட்டமும் மறுக்கப்பட்டோர் வணிகத்தில் இறங்கினர். கிப்சன் குடும்பத்தார் வாற்கோதுமை முளைகட்டும் தொழிலிலும் மதுவடிப்பிலும் பொருளீட்டினர். பின்னர் வங்கி நடத்தினர். 1896இல் பல வங்கிகள் ஒன்றிணைந்து பார்க்லேஸ் தோன்றியபோது அவர்கள் வங்கியும் அதில் ஓர் உறுப்பாயிற்று. செல்வம் வந்த வழி பற்றிக் கருத்து வேறுபடலாம். அது சென்ற வழி பற்றி வேறுபட இடமில்லை. 1835இல் திறக்கப்பெற்ற அருங்காட்சியகக் கட்டடம் அதற்கெனவே எழுப்பப்பெற்றது. பிரிட்டனில் அவ்வாறு எழுந்த மிகப் பழையனவற்றுள் ஒன்று. அதன் தோற்றத்தில் அவர்கட்குப் பங்குண்டு. பிரான்சிஸ் கிப்சன் தோட்டம் அமைத்தார். 1856இல் ஓவியக்கூடம் கட்டினார். ஜார்ஜ் ஸ்டேசி கிப்சன் வங்கியாளர். அத்துடன் எசெக்ஸ் பகுதியின் தாவரங்களைப் பட்டியலிட்டு 1862இல் நூல் வெளியிட்ட அறிஞர். ஊருக்கு மருத்துவமனையும் இக்குடும்பத்தின் கொடையால் எழுந்தது. 1702இல் லண்டனில் தோன்றிய குவேக்கர் பள்ளி 1879இல் இவ்வூருக்கு இடம்பெயர்ந்ததும் அவர்கள் வழங்கிய நிலத்திற்கே. அப்பள்ளி 2017இல் மூடப்பட்டது. 315 ஆண்டுகள் வாழ்ந்த ஒரு சிறுபான்மையோர் கல்விநிலையம், கட்டடம் சிதையாமலே மறைந்தது என்னும் செய்தியை, இத்தகைய நிறுவனங்களை நடத்தும் பெரியோர்கள் ஊன்றிப் படித்தல் தகும்.

ஊரின் மேற்கே ஆட்லி எண்டு மாளிகை உள்ளது. கலைக்கப்பெற்ற துறவிமடத்தின் நிலத்தில் பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த இதனை, இரண்டாம் சார்லஸ் மன்னர் பின்னர் விலைக்கு வாங்கினார். இரண்டாம் உலகப்போரின்போது போலந்து வீரர்கள் இங்கு இரகசியப் பயிற்சி பெற்றுப் பகைவர் பிடியிலிருந்த தம் தாயகம் சென்றனர். உயிர்நீத்த 108 பேரின் நினைவுச்சின்னம் தோட்டத்தில் உள்ளது. ஊரின் மைந்தர் ஹென்றி வின்ஸ்டன்லி எடிஸ்டோன் பாறைமேல் 1698இல் கலங்கரை விளக்கம் எழுப்பியவர்; 1703இன் பெரும்புயலில் அவ்விளக்கத்தோடு கடலில் மறைந்தார். 1929 முதல் 1965 வரை இத்தொகுதியின் உறுப்பினராயிருந்த ஆர். ஏ. பட்லர் நம் துணைக்கண்டத்து அட்டக்கில் 1902இல் பிறந்தவர். 1935ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டம் நிறைவேற உழைத்தோருள் ஒருவர். 1944இன் கல்விச் சட்டம் அவர் பெயராலேயே வழங்கப்படுகிறது.

ஊரின் அண்மைச் செய்திகளும் கருதத்தக்கன. 1865இல் வந்த இருப்புப்பாதை 1964இல் மூடப்பட்டது. தெற்கே உள்ள ஸ்டான்ஸ்டெட் விமான நிலையத்தின் விரிவாக்கத்தை அட்டில்ஸ்ஃபோர்டு மாவட்ட மன்றம் 2020இல் மறுத்தது. 2021இல் மேல்முறையீட்டில் அம்மறுப்பு தள்ளுபடியாயிற்று. 2013இல் அரசுப் பள்ளி ஒன்றின் வளாகத்தில், பெயர் வெளியிடாத கொடையாளியின் பொருளால், சாஃப்ரன் ஹால் என்னும் இசையரங்கம் எழுந்தது. 2024இல் நாடாளுமன்றத் தொகுதி 'வடமேற்கு எசெக்ஸ்' எனப் பெயர் மாறியது. 2025இல் 'சண்டே டைம்ஸ்' இதழ், பிரிட்டனில் வாழ்வதற்கேற்ற தலைசிறந்த இடமென இவ்வூரைத் தேர்ந்தது. அத்தேர்வுக்குப் பின் வீட்டுவிலை என்னாகும் என்பது அங்குள்ளோர் கவலை.

மேற்படிப்பிற்குக் கேம்பிரிட்ஜ் செல்லும் நம் மாணவர்கள், லண்டன் பாதையில் ஆட்லி எண்டு நிலையத்தில் இறங்கினால் இரண்டு மைலில் ஊரை அடையலாம். செவ்வாயோ சனியோ சென்றால் சந்தையையும் காணலாம்.