மூன்று வயது பிள்ளைக்கு 'இன்டர்வியூ'! எல்.கே.ஜி. சீட்டுக்கு அல்லாடும் சென்னை பெற்றோர்

சென்னை:

மயிலாப்பூரில் ஒரு மாடி வீடு. காலை 7 மணி. அந்த வீட்டுச் சிறுமிக்கு மூன்று வயது நிரம்ப இன்னும் நாலு மாதம் இருக்கிறது. பால் பாட்டிலை விட்டு ஆறு மாதம்கூட ஆகவில்லை. தூக்கக் கலக்கத்தில் உட்கார வைத்து அம்மா பாடம் நடத்துகிறார்.

"வாட் இஸ் யுவர் நேம்?"

சிறுமி கண்ணைக் கசக்குகிறாள்.

"சொல்லுடா செல்லம். மிஸ் கேட்டா என்ன சொல்லுவே?"

"தோசை."

அப்பாவுக்குச் சிரிப்பு வரவில்லை. பேங்க் உத்தியோகஸ்தர். அன்றைக்கு லீவு போட்டிருக்கிறார். 10 மணிக்கு அடையாறு பக்கம் ஒரு பிரபல பள்ளியில் 'இன்டராக்ஷன்'. 'இன்டர்வியூ' என்று சொல்லக்கூடாதாம். வார்த்தையை மாற்றிவிட்டார்கள். நடப்பதெல்லாம் பழைய கதைதான்.

பிள்ளைக்கு நாலு கலர் பென்சிலைக் காட்டி நிறம் கேட்பார்கள். படத்தைக் காட்டி பழம் எது, காய் எது என்பார்கள். பிறகு பெற்றோர் பக்கம் திரும்புவார்கள். என்ன படித்திருக்கிறீர்கள்? எங்கே வேலை? வீட்டில் என்ன பாஷை பேசுவீர்கள்? பிள்ளையோடு தினம் எத்தனை மணி நேரம் இருக்கிறீர்கள்? கலெக்டர் ஆபீசில் வாய் கூசாமல் பேசுகிற ஆசாமிகூட அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் திக்குகிறார்.

அன்று அந்தச் சிறுமி வாயே திறக்கவில்லை. மிஸ் கேட்ட எதற்கும் பதில் இல்லை. வெளியே வரும்போது கேட்டில் நின்ற வாட்ச்மேன் தாத்தா சும்மா, "உன் பேரு என்னம்மா?" என்றார். முழுப் பெயரையும், வீட்டு விலாசத்தையும் கடகடவென்று ஒப்பித்தாள். அம்மா தலையில் அடித்துக்கொண்டார்.

கொசுவர்த்தியோடு க்யூ

சென்னைக்கு இந்தக் கூத்து புதிது அல்ல. விண்ணப்பம் கொடுக்கும் நாளுக்கு முந்தைய ராத்திரியே பள்ளிக்கூட வாசல் பிளாட்பாரத்தில் பாய் விரித்துப் படுத்த காலம் உண்டு. தாத்தா ஒரு ஷிப்டு, அப்பா ஒரு ஷிப்டு. கொசுவர்த்தி, தண்ணீர் பாட்டில், நியூஸ் பேப்பர் சகிதம் உட்கார்ந்திருப்பார்கள். சைக்கிளில் டீ கேன் கட்டி வருகிறவருக்கு அன்றைக்கு நல்ல வியாபாரம். ரஜினி படத்துக்கு முதல் காட்சி டிக்கெட் வாங்கப் போனதுபோல இருக்கும்.

இப்போது பெரும்பாலும் ஆன்லைன். பிளாட்பாரம் மிச்சம். ஆனால் நெஞ்சு அடித்துக்கொள்வது மிச்சமில்லை. 9 மணிக்கு விண்ணப்பம் திறக்கும் என்று போட்டிருப்பார்கள். வீட்டில் நாலு செல்போன், ஒரு லேப்டாப் வைத்துக்கொண்டு எல்லோரும் தட்டுவார்கள். சக்கரம் சுற்றும், சுற்றும், சுற்றிக்கொண்டே இருக்கும். அப்புறம் பார்த்தால் 'விண்ணப்பம் முடிந்தது' என்று வரும்.

அடுத்த தலைவலி தேதி. சில பள்ளிகள் மே 31-க்குள் மூன்று வயது முடிய வேண்டும் என்கின்றன. சில பள்ளிகள் ஜூலை 31 என்கின்றன. ஒரு நாள் பிசகினாலும் ஒரு வருஷம் போச்சு. பிள்ளை பெறுகிறபோது யார் காலண்டர் பார்த்தார்கள்?

இதற்கு நடுவில் பிறப்புச் சான்றிதழ். கார்ப்பரேஷனில் பிறப்பைப் பதிவு செய்கிறபோது பல பேர் பிள்ளைக்குப் பெயர் வைத்திருக்க மாட்டார்கள். 'ஆண் குழந்தை' என்று மட்டும் இருக்கும். ஒரு வருஷத்துக்குள் போனால் காசில்லாமல் பெயர் ஏற்றலாம். சீட்டுக்கு ஓடுகிற நேரத்தில்தான் அந்த இடம் காலியாக இருப்பதே கண்ணில் படும். 2023 அக்டோபர் 1-க்குப் பிறகு பிறந்த பிள்ளைகளுக்குப் பள்ளியில் சேர பிறப்புச் சான்றிதழ்தான் ஆதாரம் என்று சட்டமே வந்துவிட்டது.

ஆறு வயசுக்குத்தான் சட்டம்!

இப்படிப் பிள்ளையையும் பெற்றோரையும் சோதித்துப் பார்த்து சீட் கொடுக்கலாமா? 2009-ல் வந்த கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 13-வது பிரிவு கூடாது என்கிறது. நன்கொடையும் கூடாது. வாங்கினால் வாங்கியதைப் போல பத்து மடங்கு வரை அபராதம். பிள்ளையைச் சோதித்தால் முதல் தடவை 25 ஆயிரம் வரை, அடுத்த ஒவ்வொரு தடவைக்கும் 50 ஆயிரம் வரை அபராதம். குலுக்கல் தவிர வேறு எந்த வழியில் பொறுக்கி எடுத்தாலும் அது 'சோதனை'தான் என்று சட்டமே விளக்கம் எழுதி வைத்திருக்கிறது.

படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஓட்டை எங்கே என்றால், அந்தச் சட்டத்தில் 'குழந்தை' என்றால் 6 முதல் 14 வயது வரை. எல்.கே.ஜி. பிள்ளைக்கு வயது மூன்று! 2013 பிப்ரவரியில் டில்லி ஐகோர்ட்டில் இந்தக் கேள்வி வந்தது. ஏழை எளியவர்களுக்கான 25 சதவீத இடத்தைத் தவிர, மற்ற நர்சரி இடங்களுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்று கோர்ட்டு சொல்லிவிட்டது. சட்டத்தைத் திருத்துவது பற்றி அரசு யோசிக்கட்டும் என்றும் சொன்னது. ஆக, ஆறு வயசுப் பிள்ளையை இன்டர்வியூ செய்தால் குற்றம். மூணு வயசுப் பிள்ளையை இன்டர்வியூ செய்தால் தகராறு.

பணம் வாங்குவதைப் பொறுத்தவரை தமிழ்நாட்டில் சட்டத்துக்குப் பஞ்சமில்லை. நன்கொடைத் தடைச் சட்டம் 1992-லேயே வந்தது. 2009-ல் வந்த கட்டண ஒழுங்குமுறைச் சட்டப்படி ஓய்வுபெற்ற ஐகோர்ட்டு நீதிபதி தலைமையில் ஒரு கமிட்டி பள்ளிக்குப் பள்ளி கட்டணத்தை நிர்ணயிக்கிறது. அதற்கு மேல் வாங்கினால் ஜெயில்வரை போகலாம். ஆனால் புகார் கொடுக்க யார் வருகிறார்கள்? பிள்ளை உள்ளே படிக்கிறது. அப்பா வெளியே வாய் திறப்பாரா?

பணக்கார ஊரிலும் இதே பைத்தியம் உண்டு. நியூயார்க்கில் ஜாக் கிரப்மன் என்று பங்கு மார்க்கெட் புலி ஒருவர் இருந்தார். சிட்டி குரூப் கம்பெனியில் வேலை. இரட்டைப் பிள்ளைகளுக்கு '92-வது தெரு ஒய்' என்ற பாலர் பள்ளியில் இடம் வேண்டும். 1999-ல் ஒரு டெலிபோன் கம்பெனி பங்கை வாங்கலாம் என்று மதிப்பீட்டை உயர்த்தினார். முதலாளி பிள்ளைகளின் சீட்டுக்கு உதவினார். கம்பெனி அந்த நிறுவனத்துக்கு 10 லட்சம் டாலர் நன்கொடை. 2002-ல் அவர் எழுதிய இமெயில் வெளியே வந்து நாறிப்போயிற்று. இரண்டுக்கும் சம்பந்தம் இல்லை என்று சாதித்துப் பார்த்தார்கள். கடைசியில் பங்கு மதிப்பீட்டு முறைகேடுகளுக்காக 2003-ல் ஒன்றரைக் கோடி டாலர் கட்டி, ஆயுளுக்கும் அந்தத் தொழிலை விட்டே விலக வேண்டியதாயிற்று. பிள்ளைகளுக்கு சீட் கிடைத்துவிட்டது!

நம்ம ஊரில் அவ்வளவு பெரிய ஆட்டம் தேவையில்லை. டீக்கடை பெஞ்சே போதும். "கரஸ்பாண்டன்ட் நமக்கு வேண்டியவரு சார், அட்வான்ஸ் மட்டும் குடுங்க" என்று ஒரு ஆசாமி வருவார். ஜூன் மாதம் அவர் போன் 'ஸ்விட்ச் ஆப்'. ஏமாந்தவர் போலீசுக்குப் போகத் தயங்குவார். எதுக்குப் பணம் கொடுத்தே என்று முதல் கேள்வி இவரைத்தானே கேட்பார்கள்? ஊருக்குத் தெரிந்த 420-வது செக்ஷன் 2024 ஜூலை 1 முதல் 318 ஆகிவிட்டது. புரோக்கர்கள் மாறவில்லை.

வியாசர்பாடியில் ரெண்டு வீடு

மயிலாப்பூர் சிறுமிக்கு இந்தப் பள்ளி இல்லாவிட்டால் இன்னொரு பள்ளி. பணம் இருக்கிறது, வழியும் இருக்கிறது. வழி அடைத்துப்போனவர்கள் கதை வடக்கே இருக்கிறது.

வியாசர்பாடியில் ஒரே தெருவில் எதிரும் புதிருமாக ரெண்டு வீடு. ஒரு வீட்டில் அப்பா ஆட்டோ ஓட்டுகிறார். எதிர் வீட்டில் அப்பா பெயின்டர். ரெண்டு வீட்டிலும் ஆண் பிள்ளை. இரண்டும் 2021 செப்டம்பரில் பிறந்தவை. பத்து நாள்தான் வித்தியாசம். இரண்டு அம்மாக்களும் நம்பி இருந்தது அந்த 25 சதவீத இடத்தைத்தான்.

சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகள் தவிர, மற்ற தனியார் பள்ளிகள் எல்.கே.ஜி.யில் நூற்றுக்கு 25 இடத்தை நலிந்த பிரிவினருக்கு ஒதுக்க வேண்டும். கட்டணத்தை அரசு கொடுத்துவிடும். வருஷ வருமானம் 2 லட்சத்துக்குள் இருந்தால் வருமானச் சான்றிதழ் வைத்து விண்ணப்பிக்கலாம். பிற்பட்டோர், தாழ்த்தப்பட்டோர் போன்றவர்களுக்கு ஜாதிச் சான்றிதழ் போதும். வீடு பள்ளிக்கு ஒரு கிலோமீட்டருக்குள் இருந்தால் முன்னுரிமை. ஆதரவற்ற பிள்ளை, மாற்றுத்திறனாளி பிள்ளை, துப்புரவுத் தொழிலாளி பிள்ளை போன்றவர்களுக்கு முதலில் கொடுத்துவிட்டு, மிச்ச இடத்துக்கு ஆள் கூடுதலாக வந்தால் குலுக்கல். துண்டுச் சீட்டை டப்பாவில் போட்டு எல்லோர் எதிரிலும் எடுப்பார்கள். இங்கே இன்டர்வியூ கிடையாது. "வாட் இஸ் யுவர் நேம்" கிடையாது. ஏழை வீட்டுப் பிள்ளைக்கு அதிர்ஷ்டம் ஒன்றுதான் மார்க்கு.

வழக்கமாக ஏப்ரல், மே மாதத்தில் விண்ணப்பம் வாங்குவார்கள். 2025-ல் ஏப்ரல் வந்தது, மே வந்தது, ஆன்லைன் திறக்கவே இல்லை. மத்திய அரசுக்கும் மாநில அரசுக்கும் கல்விப் பணம் விஷயமாகத் தகராறு. பணம் வரவில்லை என்றது மாநிலம். கோர்ட்டு வரைக்கும் போயிற்று. இ-சேவை மையத்துக்கு இரண்டு அம்மாக்களும் நடையாய் நடந்தார்கள். "இன்னும் ஓபன் ஆவலக்கா" என்ற பதில்தான்.

ஜூனில் பள்ளி திறந்துவிட்டது. ஆட்டோக்காரர் வீட்டில் ஒரு முடிவு செய்தார்கள். அம்மாவின் ஒன்றரைப் பவுன் சங்கிலி சேட்டுக் கடைக்குப் போனது. முதல் தவணை கட்டி, பையனைத் தனியார் பள்ளியில் சேர்த்துவிட்டார்கள். அப்புறம் வருவது வரட்டும்!

எதிர் வீட்டில் அடகு வைக்க ஒன்றும் இல்லை. இருந்தது முன்பே போய்விட்டது. "கவர்மென்ட்டு சொல்லும், பொறு" என்றார் பெயின்டர். பொறுத்தார்கள்.

அக்டோபரில் அரசு சொன்னது. மத்திய அரசு பணம் விடுவித்ததால் 25 சதவீத சேர்க்கை தொடங்குகிறது என்று அறிவிப்பு வந்தது. ஆனால் யாரை வைத்து? ஏற்கனவே அந்தந்தப் பள்ளியில் சேர்ந்து படித்துக்கொண்டிருக்கும் பிள்ளைகளில் தகுதியானவர்களை வைத்து! அவர்கள் கட்டிய பணத்தை ஏழு வேலை நாளில் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்றும் உத்தரவு.

பாதி வருஷம் ஓடிவிட்ட பிறகு புதிதாக ஆள் எடுப்பது எப்படி என்று அதிகாரிகள் கேட்கலாம். அதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் நடந்தது என்ன? ஏழைகளிலேயே கொஞ்சம் புரட்ட முடிந்தவருக்குக் கிடைத்தது. புரட்ட முடியாதவருக்கு இல்லை. யாருக்காகச் சட்டம் போட்டார்களோ அந்த ஆள் கேட்டுக்கு வெளியே நின்றார்.

ஆட்டோக்காரர் பையன் பெயர் பட்டியலில் வந்தது. பணம் திரும்பி வந்து சங்கிலியையும் மீட்டாகிவிட்டது. வட்டி போனது போனதுதான்.

பெயின்டர் மனைவி விஷயம் தெரிந்து அதே பள்ளிக்கு ஓடினார். ஆபீசில் இருந்த அம்மாள் நல்ல மாதிரியாகத்தான் பேசினார். "இது உள்ள படிக்கிற பிள்ளைங்களுக்கு மட்டும்தாம்மா. நாங்க ஒண்ணும் செய்ய முடியாது."

"அப்போ அடுத்த வருஷம் போடலாமா மேடம்?"

அதற்கு அங்கே பதில் இல்லை. இ-சேவை மையத்துப் பையன்தான் சான்றிதழைப் பார்த்துக் கணக்குப் போட்டுச் சொன்னான். 2025-26-க்கு எல்.கே.ஜி. என்றால் 2021 ஆகஸ்ட் 1 முதல் 2022 ஜூலை 31-க்குள் பிறந்திருக்க வேண்டும். அடுத்த வருஷம் அந்தக் கணக்கும் ஒரு வருஷம் தள்ளிப் போய்விடும். "உங்க பையனுக்கு வயசு தாண்டிடும்கா."

அந்த ஒரு வருஷத்தை விட்டால் பிள்ளைக்கு எல்.கே.ஜி.யில் மறு வாய்ப்பு இல்லை. இது பல பெற்றோருக்குத் தெரியவே தெரியாது.

பையன் இப்போது கார்ப்பரேஷன் பள்ளியில் மழலையர் வகுப்பில் இருக்கிறான். கட்டணம் இல்லை. டீச்சர் பாசமாக இருக்கிறார், வீட்டுக்குப் பக்கம், பிள்ளை அழாமல் போகிறான் என்று அம்மாவே சொல்கிறார். குறை ஒன்றும் இல்லையாம். ஆனால் சாயங்காலம் எதிர் வீட்டுப் பையன் ஷூவும் டையுமாக ஆட்டோவில் வந்து இறங்குகிறபோது இவன் வாசலில் நின்று பார்ப்பான். அந்தப் பையன் டையைக் கழற்றி இவன் கழுத்தில் மாட்டிவிடுவான். பிறகு ரெண்டும் தெருவில் பம்பரம் விடும்.

பெயின்டர் வீட்டில் இன்னொரு பெண் குழந்தை இருக்கிறது. ஒன்றரை வயது. பிறப்புச் சான்றிதழில் பெயர் ஏற்றியாகிவிட்டது. ஜாதிச் சான்றிதழும் ரேஷன் கார்டு நகலும் பிளாஸ்டிக் கவரில் போட்டு பீரோ மேல் தயாராக இருக்கின்றன. கவர் மேல் விண்ணப்பிக்க வேண்டிய வருஷத்தைப் பெரிய எழுத்தில் பேனாவால் எழுதி வைத்திருக்கிறார் அந்த அம்மா. சீட்டுப் பணமும் மாதம் ஐநூறு கட்டி வருகிறார்.

"இந்தத் தடவை மட்டும் லேட்டாக்குனாங்கன்னா, கட்டிட்டுச் சேத்துருவேன்."