ஹனோய் – ஹுவே: ஓர் இரவுப் பேருந்தின் கணக்கு

வியட்நாமின் படுக்கை பஸ்ஸில் ஏறும்போதே காலணியைக் கழற்றச் சொல்வார்கள். வாசலில் நிற்கும் உதவியாளர் ஒரு பாலிதீன் பையை நீட்டுவார். ஷூவை அதில் போட்டுக் கையோடு கொண்டுபோக வேண்டியதுதான். உள்ளே மூன்று வரிசை, மேலும் கீழுமாகப் படுக்கைகள், நடுவே இரண்டு சந்து. ஒருக்களித்து நடந்தால்தான் போய்ச் சேரலாம்.

படுக்கை என்பது மரியாதைக்குச் சொல்வது. உண்மையில் அது முழுதாகச் சாயாத ஒரு நாற்காலி. காலை நுழைத்துக்கொள்ள முன்னால் ஒரு பெட்டி இருக்கும். அந்தப் பெட்டிக்கு மேலேதான் முன்னால் இருப்பவர் முதுகைச் சாய்த்திருப்பார். இப்படி ஒருவர் காலுக்கு மேல் இன்னொருவர் முதுகு என்று அடுக்கினால்தான் ஒரு வண்டியில் நாற்பது பேரை ஏற்ற முடியும். ஐந்தரை அடிக்காரருக்குப் பிரச்சினை இல்லை. ஆறடி ஐரோப்பியர்கள் முட்டியை எங்கே வைப்பது என்று தெரியாமல் விடிய விடியப் புரள்வதைப் பார்த்தால், நம் உயரத்துக்கு முதல்முறையாக நன்றி சொல்லத் தோன்றும்.

ஹனோயிலிருந்து ஹுவே ஏறக்குறைய 670 கி.மீ. மாலையில் கிளம்பினால் விடிந்த பிறகுதான் ஊர் வரும். நாடே ஒல்லி, டோங் ஹோய் பக்கம் மலைக்கும் கடலுக்கும் நடுவே சுமார் 50 கி.மீ.தான் அகலம். விரைவுச்சாலைகள் இப்போது துண்டு துண்டாகத் திறக்கப்படுகின்றன என்றாலும், வடக்கு தெற்குப் போக்குவரத்தைப் பல காலம் சுமந்தது ஒன்றாம் எண் நெடுஞ்சாலை. லாரி, பஸ், மோட்டார் சைக்கிள், சைக்கிள் எல்லாம் அதில்தான். அதனால்தான் அந்த ஓயாத ஹாரன். கோபத்தில் அடிப்பதில்லை, 'முந்தப் போகிறேன், ஒதுங்கு' என்று தகவல் சொல்வது. காதுக்கு என்னவோ இரண்டும் ஒன்றுதான்.

வெளிநாட்டுப் பயணிகள் புலம்பும் விஷயங்கள் பெரும்பாலும் இவைதாம்: வழியெல்லாம் நிறுத்துகிறார்கள், மூட்டை ஏற்றுகிறார்கள், சந்தில் பாய் விரித்து ஆள் படுக்கிறார். ஆனால் இந்த பஸ் ஓடுவது நமக்காக மட்டுமா? ஊருக்குப் போகும் மாணவர்களுக்கும் தொழிற்சாலைப் பெண்களுக்கும் இதுதான் வண்டி. சிற்றூர்க் கடைகளுக்கு இதுதான் பார்சல் சர்வீஸ். கீழே சரக்கு அறையில் நம் முதுகுப்பைக்குப் பக்கத்தில் ஒரு மோட்டார் சைக்கிளே படுத்திருக்கும். நாமும் அந்தச் சரக்கில் ஒரு வகை, அவ்வளவே.

நடுவழியில் திடீரென்று விளக்கைப் போட்டு எழுப்புவார்கள். கதவருகே ஒரு கூடை நிறையப் பொதுச் செருப்புகள்; அவசரத்தில் இரண்டு இடது கால் செருப்புகளோடு கழிவறைக்கு நடப்பவர்கள் உண்டு. உணவகத்தில் ஃபோ சூப் ஆவி பறக்கும். எலும்பில் இறக்கிய சாறு என்பதால், சைவக்காரர்கள் பிஸ்கட்டைக் கையில் வைத்திருப்பது நல்லது. ஓட்டுநர் தொடர்ந்து நான்கு மணி நேரத்துக்கு மேல் ஓட்டக்கூடாது என்கிறது அந்நாட்டுச் சட்டம். ஆகவே தூக்கம் கெட்டாலும் இந்த நிறுத்தத்தைத் திட்ட எனக்கு மனம் வருவதில்லை.

'ஒரு ராத்திரி ரூம் வாடகை மிச்சம்' என்பார்கள். சரிதான். ஆனால் வியட்நாம் ஹாஸ்டலில் பலர் தங்கும் அறையில் ஒரு கட்டில் சில நூறு ரூபாய்க்கே கிடைக்கும். அதை மிச்சம் பிடித்துவிட்டு காலையில் ஹுவேயில் இறங்கினால், பெரும்பாலும் மதியத்துக்கு மேல்தான் அறை தருவார்கள். அரசர்களின் கோட்டையைக் கண் சொருகியபடி சுற்ற வேண்டியிருக்கும். வழியில் பென் ஹாய் ஆறு வேறு போய்விடுகிறது. 1954 ஜெனீவா உடன்பாட்டுக்குப் பின் வடக்கையும் தெற்கையும் பிரித்த எல்லை அது. பஸ் பாலத்தைக் கடக்கும்போது உள்ளே திரைகளெல்லாம் மூடியிருக்கும்.

அதே வழித்தடத்தில் ரயிலும் இருக்கிறது. நேரமும் ஏறக்குறைய அதேதான். நான்கு படுக்கை அறையில் காலை நீட்டலாம், காசுதான் கூட. முதுகுவலி உள்ளவர்கள் யோசிக்காமல் ரயிலுக்குப் போகலாம். பஸ்தான் என்றால் கீழ்ப்படுக்கை, அதுவும் நடுப்பகுதியில் கேளுங்கள். மேலே ஆட்டம் அதிகம். கடைசியில் ஐந்து பேரை ஒட்டவைத்துப் படுக்கவைக்கும் வரிசை கிடைத்தால், பக்கத்தில் யார் என்று பார்த்துவிட்டுப் படுங்கள். ஏசி குளிருக்கு அவர்கள் தரும் போர்வை போதாது. எங்கே இறக்கிவிடுவார்கள் என்று டிக்கெட் வாங்கும்போதே கேட்டுவிடுங்கள். ஊருக்கு வெளியே நெடுஞ்சாலை ஓரம் என்றால், பைக் டாக்சிக்காரரிடம் தூக்கக் கலக்கத்தில் பேரம் பேச வேண்டிவரும்.