ஒரே புள்ளி, 18 மடங்கு பலன்: ஆன்லைன் கேம் போடும் கணக்கு

மாணவர்களே, ஆன்லைன் கேமில் உங்கள் வீரர் ஒரு லெவல் ஏறியதும் கையில் சில புள்ளிகள் கிடைக்கும். அவற்றை வலிமையில் போடுவதா, உடல் உறுதியில் போடுவதா? தோன்றியபடி போட்டால் பாதி வீணாகிவிடும். எல்லாப் புள்ளிக்கும் ஒரே மதிப்பு கிடையாது.

தென்கொரியாவின் கிராவிட்டி நிறுவனம் 2002-இல் வெளியிட்ட ரக்னாரோக் ஆன்லைனை எடுத்துக்கொள்வோம். மலேசிய சைபர் கஃபேக்களிலும் ஒரு காலத்தில் பலர் விளையாடிய கேம் இது.

தாக்கும் கணக்கு

அதன் பழைய சூத்திரப்படி, வாள் வீரரின் வலிமையைப் பத்தால் வகுத்து, மீதியை விட்டுவிட வேண்டும். வரும் எண்ணின் வர்க்கத்தை வலிமையோடு கூட்டினால், ஆயுதம் இல்லாமலே அவருக்குள்ள தாக்குதல் கிடைக்கும். (திறமையும் அதிர்ஷ்டமும் சிறிதளவு சேர்க்கும், அவற்றை இங்கே விட்டுவிடுவோம்.)

வலிமை 89: 89 + 8² = 153
வலிமை 90: 90 + 9² = 171
வலிமை 91: 91 + 9² = 172

89-இலிருந்து 90-க்கு ஏறினால் தாக்குதல் 18 கூடுகிறது. அடுத்த படியில் 1 மட்டுமே கூடுகிறது. ஆனால், இரண்டு படிக்கும் செலவாவது அதே 10 புள்ளிகள்தாம்! அதனால்தான் கெட்டிக்கார ஆட்டக்காரர்கள் வலிமையைப் பத்தின் மடங்கில் நிறுத்தினார்கள்.

தடுக்கும் கணக்கு

அடித்த அடி அப்படியே எதிரியைச் சேர்வதில்லை. பேராக் தோட்டங்களில் பால்மரம் வெட்டியவர்களுக்கு இது தெரிந்த கணக்கு. 30 கிலோ பாலில் உலர் ரப்பர் 30 விழுக்காடு என்றால், கிடைக்கும் ரப்பர் 9 கிலோதான். எதிரியின் கவசமும் இப்படி விழுக்காட்டில் வேலை செய்கிறது. கவசம் 20 என்றால் 500 அடி 400 ஆகும்.

உடல் உறுதியோ நேரடியாகக் கழிக்கிறது. அது 40 கழித்தால் 400 அடி 360 ஆகும், பெரிய மாற்றமில்லை. ஆனால், 60 அடி கவசத்தால் 48 ஆகி, பிறகு வெறும் 8 ஆகிவிடும். சிறு சிறு அடிகளாக அடிப்பவர்களைத் தடுக்க உடல் உறுதி நல்லது. ஒரே பெரிய அடியைத் தாங்கக் கவசமே நல்லது.

விழுக்காட்டுக் கவசத்தில் ஓர் ஆபத்தும் உண்டு. கவசம் 90 என்றால் 500 அடியில் 50 மிஞ்சும். 95 என்றால் 25தான். கடைசி ஐந்து புள்ளிகள் சேதத்தைப் பாதியாக்கிவிட்டன. 100-ஐ எட்டினால் இந்தக் கணக்குப்படி அடி சுழியம் ஆகிவிடும்.

லீக் ஆஃப் லெஜண்ட்ஸ் கேமில் இந்தச் சிக்கல் இல்லை. அங்கே அடியை 100 ÷ (100 + கவசம்) என்ற பின்னத்தால் பெருக்குவார்கள். கவசம் 100 என்றால் பாதி அடி, 200 என்றால் மூன்றில் ஒரு பங்கு. எவ்வளவு கூட்டினாலும் சுழியம் ஆகாது. ஐந்தாம் படிவக் கணிதத்தில் நீங்கள் படிக்கும் எதிர்மாறல் இதுதான்.

ஆகவே, 'தாக்குதல் +20' என்ற வாளுக்கு ரிங்கிட் செலவழிக்கும் முன் யோசியுங்கள். கவசம் 50 உள்ள எதிரியிடம் அந்த 20 வெறும் 10தான்.

உங்களுக்கு ஒரு கணக்கு: ரக்னாரோக்கில் வலிமை 69-இலிருந்து 70 ஆனால் தாக்குதல் எவ்வளவு கூடும்?

(விடை: 14)